விடையைக் கடைசியில் சொல்லும் அரங்கம்

மருத்துவக் கல்லூரிகளில் வாரம் முழுக்கக் கூட்டங்கள் நடக்கும். பெரும்பாலானவற்றின் ஏற்பாடு ஒன்றுதான்: தெரிந்தவர் பேசுவார், தெரியாதவர்கள் கேட்பார்கள். ஒரே ஒரு கூட்டத்தில் மட்டும் இது தலைகீழாகிவிடும். மேடையில் நிற்பவர் துறையில் பேர்பெற்ற பேராசிரியர். ஆனால் விடை அவருக்குத் தெரியாது. திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயை உறுதிசெய்யும் பேத்தாலஜி நிபுணர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், அவருக்குத் தெரியும். நோயாளியை வார்டில் கவனித்துக்கொண்ட இளம் டாக்டருக்கும் தெரியும். இருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கிளினிகோ பேத்தாலஜிகல் கான்ஃபரன்ஸ் என்பது இதன் முழுப்பெயர். மருத்துவ மாணவர்களுக்கு அது சி.பி.சி. பேசப்போகும் பேராசிரியரிடம் ஒரு நோயாளியின் கதை முன்கூட்டியே எழுத்தில் தரப்படும். வயது, தொந்தரவு தொடங்கிய விதம், உடலைப் பரிசோதித்தபோது கண்டவை, ரத்தப் பரிசோதனை எண்கள், எக்ஸ்ரே, கொடுத்த மருந்துகள், பிறகு நடந்தது என எல்லாம் அதில் இருக்கும். நோய் இன்னதென்று முடிவுகட்டிய அந்த ஒரு பரிசோதனையின் விவரத்தை மட்டும் நீக்கியிருப்பார்கள். அந்த நோயாளியை அவர் பார்த்ததே இல்லை. மாணவர்கள், சக பேராசிரியர்கள், போட்டித் துறைக்காரர்கள் எல்லோரும் நிறைந்த அரங்கில் அவர் தன் மனதுக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "இந்த நோயாக இருக்கலாம், ஆனால் இந்தக் காரணத்தால் இருக்காது" என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் ஒரே ஒரு நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும். மழுப்ப இடமில்லை. அதன்பிறகுதான் பேத்தாலஜி நிபுணர் எழுந்து வருவார். திரையில் நுண்ணோக்கிப் படம் ஒன்று தோன்றும். பேராசிரியர் சொன்னது சரியா, தவறா என்பது அரங்கில் இருக்கும் கடைசிப் பெஞ்சு மாணவருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

தவறாகவும் இருக்கும். அடிக்கடி அப்படி ஆவதுண்டு. அதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை, கைதட்டல்கூடக் கிடைக்கும். நூறாண்டுக்கும் மேலாக இந்தச் சடங்கு நடந்துவருகிறது. நோய்களைக் கண்டறிய மருத்துவம் எத்தனையோ கருவிகளைச் செய்திருக்கிறது. மருத்துவர்களின் சிந்தனையில் வரும் பிழையைக் கண்டறிய அது செய்த முதன்மையான கருவி இந்தக் கூட்டம்தான்.

அனுபவம் கற்றுத்தராதது

அனுபவம் கூடக் கூட டாக்டரின் கணிப்பும் துல்லியமாகும் என்று நாம் நம்புகிறோம். அப்படி ஆக வேண்டுமானால் தன் கணிப்பு சரியா என்பது ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரியவந்திருக்க வேண்டும். அன்றாட மருத்துவத்தில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. மருந்து எழுதிக்கொடுத்தவர் குணமானால் கணிப்பு சரி என்று டாக்டர் எண்ணிக்கொள்கிறார். எத்தனையோ நோய்கள் தானாகவே குணமாகும். குணமாகாதவர் திரும்பி வருவதில்லை. வேறு டாக்டரிடம் போய்விடுகிறார். இறந்துபோனவரின் சான்றிதழில் டாக்டர் நம்பிய காரணமே இறப்புக் காரணமாக எழுதப்படுகிறது. அதைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. பந்தியை எட்டிப் பார்க்காமல் முப்பது வருடம் அடுக்களையிலேயே நின்ற கல்யாணச் சமையல்காரருக்குக் கை வேகம் கூடியிருக்கும், தன்னம்பிக்கையும் கூடியிருக்கும். உப்பு சரியா என்பது மட்டும் தெரிந்திருக்காது.

இதை எண்களில் காட்டிய ஆய்வு ஒன்று 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் வெளியானது. 118 மருத்துவர்களுக்கு எளிதான கேஸ்களும் கடினமான கேஸ்களும் தரப்பட்டன. எளிதானவற்றில் ஏறக்குறைய 55 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கடினமானவற்றில் சரியான விடை 6 சதவீதத்தை எட்டவில்லை. அதுகூட வியப்பில்லை. தங்கள் விடையில் எவ்வளவு நம்பிக்கை என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது, எளிதான கேஸ்களுக்கு 7.2 போட்டவர்கள் கடினமானவற்றுக்கு 6.4 போட்டார்கள். துல்லியம் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தபோதும் நம்பிக்கை ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. தவறாக எண்ணுகிறோம் என்ற உணர்வு உள்ளிருந்து எழுவதில்லை. வெளியிலிருந்து யாராவது காட்டினால்தான் உண்டு.

வகுப்பில் சலித்த மாணவர்

இறந்தவரின் உடலைத் திறந்து பார்த்து, உயிரோடு இருந்தபோது கண்ட அறிகுறிகளோடு ஒப்பிடும் பழக்கம் இத்தாலியில் வேரூன்றியது. பதுவா பல்கலைக்கழகத்தில் 1590களில் கட்டிய உடற்கூறியல் அரங்கம் இன்றும் இருக்கிறது. நடுவில் மேசை, சுற்றிலும் ஆறு வரிசை நீள்வட்ட மரப்படிகள். மாணவர்கள் நின்றபடி எட்டிப் பார்ப்பார்கள். அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மோர்கான்யி, 1761இல் தன் 79ஆம் வயதில், சுமார் 700 நோயாளிகளின் கதையையும் அவர்கள் உடலுக்குள் கண்டவற்றையும் அருகருகே வைத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். நோய் என்பது உடல் முழுதும் பரவிய திரவங்களின் சீர்கேடு என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. நோய்க்கு உடலுக்குள் ஓர் இருப்பிடம் உண்டு. அதைத் தேடிக் காணலாம் என்றாயிற்று.

ஆனால் மோர்கான்யி விடையை அறிந்துகொண்டு கதையைச் சொன்னார். விடையை ஒளித்துவைத்துவிட்டுக் கதையை மட்டும் கொடுக்கலாம் என்ற யோசனை வேறொரு துறையிலிருந்து வந்தது.

1900ஆம் ஆண்டு. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வால்டர் கேனன் இறுதியாண்டு மாணவர். மணிக்கணக்கில் நீளும் விரிவுரைகளில் அவருக்குச் சலிப்பு தட்டியிருந்தது. அறைத்தோழர் ஹாரி பிக்லோ சட்ட மாணவர். சட்டப் பள்ளியில் 1870களிலிருந்தே உண்மையான வழக்குகளைக் கொடுத்து வாதாட வைத்துப் பாடம் நடத்தினார்கள். பிக்லோவும் நண்பர்களும் சாப்பாட்டு மேசையிலும் வழக்குகளைப் பற்றி அடித்துக்கொள்வதைக் கேனன் பார்த்தார். மருத்துவ மாணவர்கள் எவரும் தங்கள் பாடத்தைப் பற்றி இப்படிச் சூடாகப் பேசுவதில்லையே என்று தோன்றியது. நிஜ நோயாளிகளின் குறிப்புகளை அச்சடித்துக் கொடுத்து மாணவர்களையே நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று பாஸ்டன் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆபத்து வரும்போது உடல் 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்று தயாராவதைப் பின்னாளில் விளக்கி உலகப் புகழ் பெற்றவர் இவரேதான்.

யோசனையைப் பற்றிக்கொண்டவர் ரிச்சர்டு கேபட். மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் டாக்டர், ஹார்வர்டு ஆசிரியர். 1906இல் கேஸ்களை வைத்துக் கற்பிப்பது பற்றி நூல் எழுதினார். பிறகு மருத்துவமனையின் பேத்தாலஜி நிபுணர் ஜேம்ஸ் ஹோமர் ரைட்டோடு சேர்ந்து, 1910ஐ ஒட்டி, கேனனின் யோசனையில் ஒரு திருப்பத்தைச் சேர்த்தார். மாணவருக்குப் பதில் ஆசிரியரே விடை தெரியாமல் மேடையேறினார். ரைட் பிரேதப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். தேர்வு எழுத வேண்டியவர் யார் என்ற கேள்விக்குக் கேபட் தந்த விடை அது.

அந்தக் கூட்டங்களின் பதிவுகள் 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் மருத்துவ இதழில் வரத் தொடங்கின. 1928இல் அவ்விதழ் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தத் தொடர் இன்னமும் நிற்கவில்லை. நெல்லூர்க்காரரோ நைரோபிக்காரரோ, ஒரு மருத்துவர் இதழைப் பிரித்ததும் புதிருக்காக முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களாக இருக்கக்கூடும்.

கேபட் ஏன் இவ்வளவு தூரம் போனார்? அவர் கையில் ஓர் எண்ணிக்கை இருந்தது. 1912இல், 3,000 பிரேதப் பரிசோதனைகளின் முடிவுகளை நோயாளிகள் உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் எழுதிய நோய்ப்பெயர்களோடு ஒப்பிட்டு வெளியிட்டார். சர்க்கரை நோயை 95 சதவீதமும் டைபாய்டை 92 சதவீதமும் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். நுரையீரலின் பிராங்கோநிமோனியா 33 சதவீதம்தான். கல்லீரல் சீழ்க்கட்டி 20. திடீர்ச் சிறுநீரக அழற்சி 16. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை ஒன்றில் இந்த அழற்சி இருந்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் சரியான நோயின் பெயர் சொல்லப்பட்டது என்று அதே மருத்துவமனையின் டாக்டர் அச்சில் எழுதினார். சக மருத்துவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை.

ஆணிவேரைத் தேடும் வித்தை

மேடையில் நிற்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? இருபது, முப்பது தகவல்களையும் சமமாக எடைபோட்டுக் கூட்டிக்கழிக்கிறார் என்று தோன்றும். டேவிட் எடி, சார்லஸ் கிளான்டன் என்ற இருவர் நியூ இங்கிலாந்து ஜர்னலின் இந்தக் கூட்டப் பதிவுகளைப் படித்து 1982இல் அதே இதழில் எழுதினார்கள். சிறந்த மருத்துவர்கள் அப்படிச் செய்வதில்லை என்று கண்டார்கள். அவர்கள் குவியலிலிருந்து ஓரிரு தகவல்களை மட்டும் அச்சாணியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குக் காரணமாகக்கூடிய நோய்களை மட்டும் பட்டியலிடுகிறார்கள். மீதித் தகவல்களைக் கொண்டு அந்தப் பட்டியலைக் கத்தரிக்கிறார்கள்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது. இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், வறட்டு இருமல், களைப்பு, உடல் மெலிவு. ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறது. காய்ச்சலைப் பிடித்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான நோய்கள் வரிசையில் நிற்கும். இருமலும் அப்படியே. களைப்புக்குக் கணக்கே இல்லை. கால்சியத்தைப் பிடித்தவருக்கோ பட்டியல் கைவிரல்களில் அடங்கிவிடும்: பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு, சில புற்றுநோய்கள், வைட்டமின் டி மிகுதி, சார்காய்டோசிஸ், காசநோய், இன்னும் சில. அவற்றில் பாராதைராய்டு கோளாறு காய்ச்சல் தராது, கழித்துவிடலாம். வைட்டமின் மாத்திரை அளவுக்கு மீறிச் சாப்பிட்டவருக்கு இரண்டு மாத இருமல் ஏன் வர வேண்டும்? அதுவும் போயிற்று.

எஞ்சியவற்றில் ஓர் அதிசயம் இருக்கிறது. நுரையீரல் நோய்க்கும் கால்சியத்துக்கும் என்ன தொடர்பு? சார்காய்டோசிஸிலும் காசநோயிலும் நோயெதிர்ப்பு செல்கள் கூடிச் சிறு முடிச்சுகளாகின்றன. அந்த முடிச்சுகளில் உள்ள செல்கள் வைட்டமின் டியை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றத் தொடங்கிவிடுகின்றன. வழக்கமாக இந்த வேலையைச் சிறுநீரகம் அளவறிந்து செய்யும். இந்த செல்களுக்கு அளவு கிடையாது. விளைவாகக் குடல் உணவிலிருந்து கால்சியத்தை வரம்பில்லாமல் உறிஞ்சுகிறது. இந்த இணைப்பை அறிந்தவருக்குத்தான் ரத்தப் பரிசோதனைத் தாளின் ஓரத்தில் இருந்த எண் அச்சாணியாகத் தெரியும். அறியாதவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அறிவு என்பது எத்தனை நோய்களின் பெயர் தெரியும் என்பதில் இல்லை. எந்தத் தகவலில் நிற்க வேண்டும் என்பதில் இருக்கிறது. பாடப்புத்தகம் இதைக் காட்டாது, ஏனென்றால் அது நோயில் தொடங்கி அறிகுறிக்குப் போகிறது. நோயாளி அறிகுறியோடு வருகிறார்.

தவறான இடத்தில் நிற்பதும் இந்த மேடையில்தான் கண்ணுக்குத் தெரியும். முதலில் தோன்றிய நோயோடு மனம் ஒட்டிக்கொள்வது, அதற்கு ஒத்துவராத தகவலைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குவது, போதுமான காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது. வார்டில் இவை யாருக்கும் தெரியாமல் நடக்கும். அரங்கில் பேராசிரியர் வாய்விட்டுச் சிந்திக்கும்போது, எந்த வாக்கியத்தில் அவர் வழிதவறினார் என்று மாணவர் திரும்பிப் பார்த்துச் சுட்டிக்காட்ட முடியும்.

விடையை வைத்திருப்பவருக்கே அதன் பெயர் தெரியாத நாளும் உண்டு. 1954இல் பாஸ்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், 40011 என்று எண்ணிட்ட கேஸில், மார்புக்குள் கட்டியோடு வந்த நோயாளி பற்றி விவாதித்தார்கள். பேத்தாலஜி நிபுணர் பெஞ்சமின் காசில்மன் நுண்ணோக்கியில் பார்த்த நிணநீர் முடிச்சு அதுவரை நூல்களில் இருந்த எதற்கும் பொருந்தவில்லை. இன்று அது 'காசில்மன் நோய்' என்று உலகெங்கும் அறியப்படுகிறது. புதிர் போட நடந்த கூட்டத்தில் மருத்துவத்துக்கு ஒரு புதிய நோய் கிடைத்தது.

பொன்முட்டையிட்ட நெருப்புக்கோழி

சி.பி.சி.யில் தோற்பது வலிக்காது. தோற்பவர் அந்த நோயாளிக்கு மருத்துவம் பார்த்தவர் இல்லையே. மருத்துவம் பார்த்தவரே எழுந்து நின்று, நடந்தது என்ன என்று சொல்ல வேண்டிய கூட்டம் வேறு. அதற்கு மார்பிடிட்டி அண்டு மார்ட்டாலிட்டி மீட்டிங் என்று பெயர். சுருக்கமாக எம் அண்டு எம். அந்த மாதத்தில் நேர்ந்த இறப்புகளையும் சிக்கல்களையும் எடுத்துவைத்துத் துறை முழுவதும் அலசும்.

இதன் கதையும் அதே பாஸ்டன் மருத்துவமனையில் தொடங்குகிறது. எர்னெஸ்ட் காட்மன் என்ற மாணவரும் அவர் வகுப்புத் தோழர் ஹார்வி குஷிங்கும் 1890களில் ஈதர் மயக்க மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தார்கள். நோயாளிகள் மேசையிலேயே இறப்பதைப் பார்த்து அதிர்ந்து, யார் பாதுகாப்பாகக் கொடுக்கிறார் என்று ஒரு விருந்தைப் பந்தயம் கட்டினார்கள். நாடித்துடிப்பையும் மூச்சையும் வரைதாளில் குறித்துவைத்தார்கள். அறுவை அரங்குகளில் இன்று தவறாமல் இருக்கும் மயக்க மருந்துப் பதிவேட்டின் தொடக்கம் அந்தப் பந்தயம். குஷிங் மூளை அறுவைச் சிகிச்சையின் முன்னோடியானார். காட்மன் வேறு வழியில் போனார்.

ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கும் ஓர் அட்டை. ஒரு வருடம் கழித்து நோயாளியைத் தேடிப்பிடித்து, பலன் கிடைத்ததா, இல்லையென்றால் ஏன் என்று அதில் எழுத வேண்டும். இவ்வளவுதான் காட்மன் கேட்டது. மருத்துவமனை அசையவில்லை. 1911இல் தானே ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். அடுத்த ஐந்தாண்டுகளில் அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்களுக்குச் சிகிச்சை தந்ததில் நேர்ந்த 123 பிழைகளைத் தன் செலவில் அச்சிட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினார். திறமைக் குறைவால் வந்தது எது, முடிவெடுத்ததில் வந்தது எது, கருவி இல்லாததால் வந்தது எது, நோயை அறியாததால் வந்தது எது என்று வகைபிரித்தார்.

1915 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவச் சங்கக் கூட்டமொன்றுக்கு அவர்தான் தலைவர். பேச்சுகள் முடியும் வேளையில் எட்டடி நீளக் கேலிச்சித்திரத்தைத் திறந்துகாட்டினார். மண்ணுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி பொன்முட்டைகளை டாக்டர்கள் பக்கம் உதைத்துத் தள்ளுகிறது. பணக்கார நோயாளிகள்தான் கோழி. ஹார்வர்டின் தலைவர் ஓரமாக நின்று, உண்மையைச் சொன்னால் முட்டை நின்றுவிடுமோ என்று யோசிக்கிறார். கூட்டம் கொதித்துப்போயிற்று. பதவி போயிற்று, ஹார்வர்டு வேலையும் போயிற்று. 1940இல் இறந்த காட்மனின் கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது 2014இல்தான்.

யோசனை மட்டும் அடங்கவில்லை. பிலடெல்பியாவில் 1935இல் மயக்கவியல் நிபுணர்கள் இறப்புகளை அலசும் குழு அமைத்தார்கள். 1983 முதல் அமெரிக்காவில் பட்டமேற்படிப்புப் பயிற்சி தரும் துறைகளுக்கு இத்தகைய கூட்டம் கட்டாயமாயிற்று. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் வேறு சில நாடுகளிலும் இத்தகைய கூட்டத்தில் பேசுவதை நீதிமன்றச் சாட்சியாக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பும் உண்டு. பாதுகாப்பு இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது காட்மனின் வாழ்க்கையே காட்டிய பாடம்.

நல்ல எம் அண்டு எம் கூட்டத்தில் கேள்வி மாறுகிறது. "யார் தப்பு?" என்று தொடங்கினால் விசாரணை ஒரு இளம் டாக்டரின் தலையில் முடிந்துவிடும். "அந்த நேரத்தில் அவருக்கு அது சரியென்று ஏன் தோன்றியது?" என்று கேட்டால் வேறு விடைகள் வரும்: ஒரே மாதிரி லேபிள் ஒட்டிய இரண்டு மருந்துப் புட்டிகள், இரவுப் பணி மாறும்போது சொல்லாமல் விட்ட ஒரு வரி, ரத்தம் வந்துசேர ஆன இரண்டு மணி நேரம். இவற்றைத் திருத்தலாம்.

இந்த யோசனை கல்லூரிச் சுவரைத் தாண்டி வெகுதூரம் வந்த இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிரிட்டனில் 1952 முதல் பிரசவ இறப்புகளை ஒவ்வொன்றாக, பெயர் மறைத்து, ஆராய்கிறார்கள். தமிழ்நாட்டில் 1990களில் மகப்பேறு இறப்புத் தணிக்கை தொடங்கியது. ஒரு தாய் இறந்தால் கிராம செவிலியர் முதல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வரை விளக்கம் சொல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு இறந்தவரின் குடும்பத்தாரையும் அழைக்கும் வழக்கம் வந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் "தாமதமாகக் கொண்டுவரப்பட்டார்" என்று ஒரு வரி இருக்கும். கணவரோ தாயாரோ பேசும்போதுதான் அந்த வரி விரிகிறது: எந்த மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள், வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், எந்த வாசலில் யாரும் இல்லை. பாஸ்டன் அரங்கில் நுண்ணோக்கிப் படம் செய்யும் வேலையை இங்கே அவர்கள் சாட்சியம் செய்கிறது. 2018-20 காலத்து மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டின் மகப்பேறு இறப்பு விகிதம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54. இந்திய சராசரி 97. அதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொரு இறப்பையும் கேள்வி கேட்டது அவற்றுள் ஒன்று.

விடை வற்றுகிறது

சி.பி.சி.யின் அடித்தளம் பிரேதப் பரிசோதனை. அதுவே இப்போது அருகிவருகிறது. இரண்டாம் உலகப்போரை அடுத்த காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது செய்யப்பட்டது. இன்று பத்து சதவீதத்துக்கும் கீழ். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் கூட்டு ஆணையம், இத்தனை சதவீதம் செய்தாக வேண்டும் என்ற விதியை 1970களின் தொடக்கத்தில் கைவிட்டது. காட்மன் விதைத்த தர நிர்ணய முயற்சியிலிருந்து வளர்ந்த அமைப்புதான் அந்த ஆணையம். செலவை யாரும் ஏற்பதில்லை. வழக்கு வரும் என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன் இருக்கும்போது உடலைத் திறப்பானேன் என்ற எண்ணம்.

அந்த எண்ணத்தை லீ கோல்ட்மன் குழுவினர் 1983இல் சோதித்தார்கள். பாஸ்டனின் ஒரு மருத்துவமனையில் 1960, 1970, 1980 ஆகிய ஆண்டுகளிலிருந்து தலா 100 பிரேதப் பரிசோதனைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் வந்திருந்தன. மூன்று காலத்திலும் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு, முன்பே தெரிந்திருந்தால் சிகிச்சையை மாற்றி ஆயுளை நீட்டித்திருக்கக்கூடிய பெரிய நோய் ஒன்று கண்ணுக்குத் தப்பியிருந்தது. 2003இல் வந்த பெரிய தொகுப்பாய்வு பிழைகள் மெல்லக் குறைந்துவருவதாகக் காட்டியது. ஆனாலும் இன்றைய அமெரிக்க மருத்துவமனையில் எட்டு முதல் 24 சதவீத இறப்புகளில் முக்கிய நோயறிதல் பிழை இருக்கலாம் என்று கணித்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. நம்மூரில் போஸ்ட்மார்ட்டம் என்றாலே போலீஸ் நினைவுக்கு வரும். விபத்து, தற்கொலை, கொலை போன்றவற்றில் சட்டம் கேட்கும் பரிசோதனை அது. நோயால் இறந்தவரின் உடலை, குடும்பத்தின் சம்மதத்தோடு, நோயை அறிவதற்காகத் திறப்பது மிக அரிது. சண்டிகரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சில இடங்கள் மட்டும் அந்த மரபையும் அதை ஒட்டிய சி.பி.சி.யையும் பல பத்தாண்டுகளாக விடாமல் காத்துவருகின்றன. மற்ற இடங்களில் பயாப்ஸியோ மரபணுச் சோதனையோ விடையாக வந்து நிற்கிறது. அது நல்லதே, நோயாளி பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார். ஆனால் பயாப்ஸி ஊசி, டாக்டர் சந்தேகப்பட்ட இடத்தில்தான் குத்தும். யாரும் சந்தேகப்படாத இடத்தையும் பார்ப்பது பிரேதப் பரிசோதனை ஒன்றுதான்.

இயந்திரம் மேடையேறுகிறது

இந்தப் புதிர்களைக் கணினிக்குப் போட்டுப் பார்க்கும் ஆசை பழையது. பிட்ஸ்பர்க்கில் ஜாக் மையர்ஸ் குழுவினர் செய்த 'இன்டர்னிஸ்ட்-1' என்ற மென்பொருளுக்கு 1982இல் 19 கேஸ்கள் தரப்பட்டன. அவற்றில் உறுதியான நோய்கள் 43. மென்பொருள் 25ஐக் கண்டது. நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்த டாக்டர்கள் 28. மேடையில் பேசிய நிபுணர்கள் 35. 2023இல் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு 70 கேஸ்கள் தந்தபோது, அது முதன்மையாகச் சொன்ன நோய் 27 கேஸ்களில் சரி. அதன் பட்டியலில் எங்காவது சரியான நோய் இருந்தது 45இல். 2025இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கேபட்டின் பெயரையே தாங்கிய ஒரு மென்பொருளைச் செய்தார்கள். மருத்துவர் ஒருவரின் விவாதத்தோடு அதன் விவாதமும் நியூ இங்கிலாந்து ஜர்னலிலேயே அச்சாயிற்று.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1982இன் கணக்கைத் திரும்பப் பார்த்தால், நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர்களைவிட, தாளில் மட்டும் படித்த நிபுணர்கள் அதிகம் வென்றிருக்கிறார்கள். தாள் அவர்களுக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுத்திருந்தது. எது முக்கியம், எது வேண்டாம் என்று வேறொருவர் ஏற்கெனவே தெரிந்தெடுத்து எழுதியிருந்தார். கூட்டத்துக்கு எடுத்த கேஸ் என்றாலே அபூர்வ நோய்தான் என்ற குறிப்பும் அதிலேயே இருந்தது. வார்டில் நோயாளி அப்படி எழுதிவைத்த கதையோடு வருவதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, பாதி மறந்து, முக்கியமானதைக் கடைசியில் சொல்வார். மென்பொருள்களும் இதுவரை தேர்வெழுதியது பெரும்பாலும் அந்தத் தெளிந்த தாளை வைத்துத்தான்.

ஆனாலும் மேடையில் பேசுபவரின் இடத்துக்கு இப்போது ஆட்கள் தட்டுப்பாடில்லை. மனிதர்கள் இருக்கிறார்கள், இயந்திரங்களும் வந்துவிட்டன, கணிப்பு மலிவாகிவிட்டது. அருகிப்போவது அதைச் சரிபார்க்கும் விடை. மென்பொருளும் தான் சரியா என்பதைத் தானே அறியாது. அதற்கும் ஒரு ரைட், ஒரு காசில்மன், தணிக்கைக் கூட்டத்தில் பேசும் ஒரு கணவர் வேண்டும். எல்லோரும் கணித்து, யாரும் சரிபார்க்காத மருத்துவம் கேபட்டுக்கு முந்தைய காலத்துக்கே திரும்பிவிடும், எவ்வளவு வேகமான கணினி இருந்தாலும்.

ஒரு மருத்துவக் கல்லூரி எப்படி என்று அறிய விரும்புபவர் அங்கே எத்தனை கருத்தரங்குகள் நடக்கின்றன என்று கேட்க வேண்டியதில்லை. எல்லார் முன்னிலையிலும் ஒரு பேராசிரியரின் கணிப்பு தவறென்று அங்கே கடைசியாகக் காட்டப்பட்டது எப்போது என்று கேட்டால் போதும்.